இறுகிப்போன ஒரு டேங்கர் நல்ல தண்ணீர்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்குத் தனி அந்தஸ்து உண்டு. மற்றவர்கள் யோசிக்காமல் செய்வதை அவர்கள் கணக்குப் போட்டுச் செய்வார்கள். நானும் போட்டேன். இரண்டு பக்கம், முக்கியமான இடங்களில் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. அந்தத் தாள் இன்னமும் என் மாமனார் வீட்டில் நாள்காட்டிக்குப் பின்னால் சொருகியிருக்கிறது. தொலைந்துபோகக் கூடாது என்று அவர்கள் அதை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அப்போது நான் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மெத்தென்ற நுண்துகள்கள் நெருக்கியடித்து நிற்கும்போது எப்படி இறுகிப்போகின்றன என்பதுதான் தலைப்பு. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூறு துகள் நிற்கும், அவ்வளவு பொடிசு. தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். கொஞ்சமாக இருக்கும்வரை தண்ணீரோடு தண்ணீராக ஓடும். இருக்கிற இடத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவை பிடித்துக்கொண்டால்தான் வம்பு. பசை இல்லை, ஒட்டும் இல்லை, வெறும் நெருக்கத்திலேயே எல்லாம் நின்ற இடத்தில் நின்றுவிடும். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது.

இதைப் புரியவைக்க நான் எல்லோருக்கும் ஒரே உதாரணம்தான் சொல்வேன். காலை எட்டரைக்கு எங்கள் பழங்காநத்தத்தில் ஏறுகிற பஸ். உள்ளே யாரும் யாரோடும் ஒட்டப்படவில்லை. ஆனாலும் நடுவில் மாட்டியவர் இறங்க முடியுமா? (முடியாது. நானே இரண்டு முறை கடைசி நிறுத்தமான பெரியார் நிலையம்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.)

"இதக் கண்டுபுடிக்க அஞ்சு வருசமாடி? கண்டக்டரக் கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிருப்பாரே" என்றாள் அம்மா.

இப்படி வீட்டிலேயே மதிப்பில்லாத ஆராய்ச்சியோடுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சரவணன். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். மாமா, அதாவது என் மாமனார், அதிகம் பேசாதவர். அத்தை அவருக்கும் சேர்த்துப் பேசுவார். இரண்டு வயல் தள்ளிப் பெரிய மாமா வீடு. அவர் என் மாமனாரின் கூடப்பிறந்த அண்ணன். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு கிணறு. அந்தப் பக்கம் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். அந்தக் கிணறு ஒன்றில் மட்டும் கற்கண்டு மாதிரி நல்ல தண்ணீர். பாகப்பிரிவினையில் கிணறு அண்ணனுக்குப் போனது. தம்பி ஒரு வார்த்தை சொல்ல, அண்ணன் இரண்டு வார்த்தை சொல்ல, "இனிமே என் கெணத்துல ஒரு வாளி மொள்ளக் கூடாது" என்று அண்ணன் முடித்துவிட்டார். அதன்பிறகு இருவரும் ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில், வேறு வேறு திசையைப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்த அந்தக் கோடையில் மாமா நானூறு கொய்யாக் கன்று வைப்பதற்குக் குழி வெட்டியிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. "கன்னு பொழைக்கணுமே" என்று அத்தை தினமும் புலம்பினார். புது மருமகள் தன் படிப்பைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

வயலுக்குப் போடும் ஜெல் பொடி ஒன்று கடைகளில் விற்கிறது. சர்க்கரை மாதிரி இருக்கும். தண்ணீரைக் குடித்து உப்பி, வேருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை விடும். என் ஆய்வகத் துகள்களுக்கு இது பெரிய அண்ணன் முறை. ஒரு மூட்டை வாங்கி வந்தேன். மூட்டையில், குழிக்கு ஒரு கைப்பிடி மண்ணோடு கலந்து போடவும் என்று தெளிவாகத் தமிழில் அச்சடித்திருந்தது.

"அப்ப ஒரு புடி ஒரு புடியாப் போட்டுறலாம்ல தாயி?" என்றார் மாமா.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. "நானூறு குழிக்கும் குனிஞ்சு குனிஞ்சு கலக்க ரெண்டு நாளாகும் மாமா. மொத்தத்தையும் டேங்கர் தண்ணியில கலந்து, ஹோஸ்ல குழிக்குக் குழி பாய்ச்சிட்டா ரெண்டே மணி நேரம்."

"அடைச்சுக்கிறாதா?"

அடைத்துக்கொள்வதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒருத்தியிடம் இந்தக் கேள்வி! எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அதற்குத்தான் அந்த இரண்டு பக்கக் கணக்கு. பழங்காநத்தத்தில் அம்மா வீட்டில் வைத்துச் சோதனையெல்லாம் செய்து பார்த்திருந்தேன். பொடி உப்பினாலும் டேங்கரில் பாதியைத் தொடாது, மீதி தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஆதாரம் கையில் இருந்தது.

சோதனைக்கு எந்தத் தண்ணீரை எடுத்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் நாலு நாளுக்கு ஒருமுறை வரும். குடத்தில் பிடித்து, மூடி போட்டு வைத்திருப்பாள் அம்மா. குடிக்க, சோறு வடிக்க மட்டும்தான். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் போர் தண்ணீர். ஆராய்ச்சியை அம்மா பாத்திரம் தேய்க்கும் வகையில்தான் சேர்த்திருந்தாள். நானும் மறுபேச்சில்லாமல் போர் குழாயைத் திறந்தேன். ஊரிலும் போர் தண்ணீர்தானே பாய்ச்சப்போகிறோம், இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

டேங்கருக்கு எங்கே போவது? டிராக்டரும் டேங்கரும் பெரிய மாமாவிடம் மட்டும்தான் இருந்தன. சரவணன் போய்க் கேட்டான். பெரிய மாமா ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "நாளைக் கழிச்சுக் காலையில என் மகன் வீட்டுக்குக் கான்கிரீட்டு. கொத்தனாரெல்லாம் சொல்லியாச்சு. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் வண்டி என் வாசல்ல நிக்கணும்னு அவன்ட்டச் சொல்லு" என்றாராம்.

இதைக் கேட்ட மாமா, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையா வேறு எதுவுமா தெரியவில்லை. அத்தை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் ஒரு வழி தொறந்திருக்கு. வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அம்புட்டுத்தான், சென்மத்துக்கும் சேர மாட்டாங்க. பாத்துக்க ஆத்தா" என்றார்.

"நான் இருக்கேன்ல அத்தை" என்றேன் நான்.

மறுநாள் காலையில் பெரிய மாமாவே டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். (வண்டியை மனைவி பிள்ளையிடம்கூடக் கொடுக்க மாட்டார்.) இறங்கவில்லை. தம்பியைப் பார்க்கவில்லை. நான் ஏணியில் ஏறி, காலி டேங்கருக்குள் ஒரு மூட்டைப் பொடியையும் கொட்டினேன். அடுத்து, வயலோரம் இருக்கும் எங்கள் போரில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆனால் அவர் டிராக்டரைக் கிளப்பி எதிர்த் திசையில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"எங்க போறாருன்னு கேளுடா" என்றார் மாமா.

"நீங்களே கேளுங்கப்பா" என்றான் சரவணன்.

யாரும் கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடும், பேசினால் யார் முதலில் பேசியது என்று ஊரில் கணக்கெடுப்பார்கள். வழியில் யாருடைய போரிலோ தண்ணீர் பிடிக்கப் போகிறார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். எந்தப் போராக இருந்தால் என்ன, உப்புத் தண்ணீர்தானே.

ஒரு மணி நேரத்தில் வண்டி நிறைந்து, டயர் அழுந்தி வந்தது. சரவணன் நீளமான ஹோஸை மாட்டினான். மாமா முதல் குழியில் நுனியைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு நின்றார். வால்வைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

இன்னும் திருகினேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. மாமா ஹோஸ் நுனியைக் கண்ணருகே வைத்து உள்ளே பார்த்தார். சரவணன் டேங்கர் மேல் ஏறி, மூடியைத் திறந்து குனிந்தவன் அப்படியே நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தண்ணியக் காணோம்" என்றான்.

"என்னடா சொல்ற?"

"டேங்கர் நெறைய இருக்கு. ஆனா தண்ணியக் காணோம்."

நானும் ஏறிப் பார்த்தேன். விளிம்புவரை பளபளவென்று ஒரே கட்டி. நொறுக்கிய பனிக்கட்டி மாதிரி, ஆனால் ஆடாமல் அசையாமல். சரவணன் ஒரு கம்பைச் சொருகினான். கையை எடுத்தான். கம்பு நேராக நின்றது.

அடுத்து நான் செய்த காரியத்தை மறைக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன், முடியவில்லை. எத்தனையோ மாதம் ஆய்வகத்தில் விரல் அளவு கண்ணாடிக் குப்பிக்குள் மட்டுமே பார்த்த விஷயம் ஒரு டேங்கர் நிறைய இருந்தது. "சூப்பர்!" என்று கத்திவிட்டேன். கத்தியதோடு நிற்காமல் போனை எடுத்து, நிற்கிற கம்போடு சேர்த்து நாலு போட்டோ எடுத்தேன். என் ஆராய்ச்சிக் கைடுக்கு அனுப்பவும் செய்தேன்.

திரும்பிப் பார்த்தால், கீழே மூன்று பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்ன சூப்பருன்னு அந்தப் புள்ளயக் கேளுடா" என்றார் பெரிய மாமா.

கேட்டார்கள். நான் பஸ் உதாரணத்தை எடுத்தேன். "ஒட்டல்லாம் இல்ல மாமா. வெறும் நெருக்கம்தான். எட்டரை மணி பஸ் மாதிரி..."

"பஸ்ஸா? அஞ்சு மணிக்கு வண்டி வேணும், நாளைக்குக் கான்கிரீட்டு. பஸ்ஸுங்குது!"

பெரிய மாமா ஸ்பேனரை எடுத்து, ஹோஸைக் கழற்றி, ஆத்திரத்தில் வால்வையே கழற்றி எறிந்தார். ஓட்டை வழியாக ஒரு முழம் கட்டி வெளியே வந்து, அப்படியே தொங்கிக்கொண்டு நின்றுவிட்டது. இது இறுகிய பொருளின் லட்சணம். ஓரளவுக்கு மேல் உலுக்கினால்தான் ஓடும், விட்டால் மறுபடி நிற்கும். இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது.

"உலுக்கணும், அம்புட்டுத்தான?" என்று பெரிய மாமா டிராக்டரில் ஏறினார்.

மேடு பள்ளமான வண்டிப்பாதையில் ஓட்டினார். குலுங்கும்போதெல்லாம் பின்னால் பொத் பொத்தென்று விழுந்தது. வண்டி நின்றால் அதுவும் நின்றது. ஊருக்குள் போய்த் திரும்பிவரும் வழியெல்லாம் தடம். டீக்கடையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். "அண்ணே, வண்டிக்கு வயித்தால போகுதா?" என்று ஒருவர் கேட்டார். பெரிய மாமாவை ஆயுளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோது டேங்கரில் பெரும்பங்கு அப்படியே இருந்தது, மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

அத்தை தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மாமா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கன்றுகளின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு, "போகட்டும் தாயி, நீயென்ன வேணும்னா செஞ்ச" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருடச் சண்டையை நான் அறுபது வருடச் சண்டையாக ஆக்கிவிட்டேன்.

கணக்குத் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். கூட்டல் சரி. பெருக்கல் சரி. ஒரு கணக்குக்கு இப்படி மோசம் போக வழியே இல்லை, ஒரு விஷயத்தைத் தவிர. காலையிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வியை நான் கேட்டேன்.

"பெரிய மாமா, தண்ணி எங்க புடிச்சீங்க?"

அவர் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க புடிப்பேன்? நம்ம கெணத்துலதான். மொத மொதல்ல கன்னு வைக்கிறான். அவன் நெலத்துக்குப் போயி உப்புத் தண்ணியவா ஊத்துவேன்?"

அத்தை வாயை மூடிக்கொண்டார். (நான் பார்த்து, அத்தை பேச்சில்லாமல் நின்றது அந்த ஒரு முறைதான்.) மாமா அண்ணனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

எல்லோரும் உருகி நின்ற அந்த நேரத்தில் எனக்கு வேறொன்று புரிந்து தொலைத்தது. உப்பு கலந்த தண்ணீரில் இந்தப் பொடி கொஞ்சமாகத்தான் உப்பும். நல்ல தண்ணீரில் அதே பொடி மூன்று மடங்கு உப்பும். இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நல்ல தண்ணீரைச் சோதனைக்குத் தொடக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைக்கு போர் தண்ணீரில் செய்த சோதனையில் மட்டும் அது தெரியவில்லை.

"அத்தை, உப்பு இருக்கா?"

அத்தை ஓடிப்போய் அடுப்பங்கரையிலிருந்து உப்புச் சாடியோடு வந்தார். "எம்புட்டு வேணும்? ஒரு கரண்டி போதுமா?"

"மூட்டை வேணும் அத்தை."

பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் மூட்டை இருந்தது. தென்னைக்கு வைக்க மாமா நாலு மூட்டைக் கல்லுப்பு வாங்கிப் போட்டிருந்தார். உப்புச் சேறு கொய்யாக் குழிக்குள் போனால் கன்று கருகிவிடும், தென்னைக்கு ஒன்றும் ஆகாது. வண்டியைத் தென்னந்தோப்பு ஓரம் கொண்டுபோய் நிறுத்தினோம். சரவணனும் பெரிய மாமாவும் மேலே ஏறி மூட்டை மூட்டையாகக் கொட்டி, மூங்கில் கழியால் கிளறினார்கள். நான் கீழிருந்து, "நல்லாக் கிளறுங்க மாமா" என்று உத்தரவு போட்டேன். பயத்திலும் என் வாய் மட்டும் ஓயவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. மேலே பளபளப்பு மங்கி, நடுவில் குழி விழுந்தது. கழி லேசாகப் போய்வர ஆரம்பித்தது. ஆனால் கீழே ஓட்டை அடைத்தபடியே இருந்தது. மாமா ஒரு குச்சியை எடுத்து, ஓட்டைக்கு நேர் எதிரே குனிந்து நின்று குத்திக்கொண்டிருந்தார்.

மேலே இருந்த பெரிய மாமாவின் காலுக்குக் கீழே மொத்தமும் குபுக்கென்று இறங்கியது.

"டேய் ராமு! தள்ளுடா!" என்று அலறினார்.

ஆறு வருடத்தில் அண்ணன் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. எந்த மனிதனும் அந்த நேரத்தில் விலகித்தான் இருப்பான். மாமா விலகவில்லை. குச்சியைக் கீழே போட்டு, நிமிர்ந்து, அண்ணாந்து பார்த்து, "அண்ணே, என்னையவா கூப்ட்ட?" என்றார். பதில் வருவதற்குள் டேங்கர் வந்தது.

ஓட்டையிலிருந்து அடைப்பு பீய்ச்சிக்கொண்டு தெறிக்க, பின்னாலேயே மொத்த உப்புத் தண்ணீரும் மாமாவின் நெஞ்சில் மோதியது. அவர் வேட்டி ஒரு தென்னையிலும் அவர் அடுத்த தென்னையிலும் போய்ச் சேர்ந்தார்கள். (உள்ளே டிராயர் போட்டிருந்தார், குலதெய்வம் காப்பாற்றியது.) மாமனாரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பெரிய மாமா டேங்கர் மேலிருந்து குதித்து, வழுக்கி விழுந்து, தவழ்ந்தே போய்த் தம்பியைத் தூக்கினார். "அடிபட்டுச்சாடா? எங்கடா அடிபட்டுச்சு? சொல்லித் தொலடா!"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டை நக்கிப் பார்த்தார். "அடியெல்லாம் இல்லண்ணே. உப்புக் கரிக்குது."

அதற்குப் பிறகு இரண்டு கிழவர்களும் அந்தச் சேற்றில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பைப் பார்த்து, அத்தை அழ ஆரம்பித்தார். நானும் சேர்ந்து அழுதேன். சரவணன் மட்டும் வால்வைத் தேடிக்கொண்டிருந்தான்.

டேங்கரை மூன்று தடவை கழுவி, பெரிய மாமா வாசலில் நிறுத்தியபோது மணி ஆறரை. "அஞ்சு மணின்னேன்" என்றார் அவர், தம்பியின் முகத்தைப் பார்த்தே. மறுநாள் கான்கிரீட் நடந்தது. மாமாவே நின்று தண்ணீர் ஊற்றினார். கொய்யாவுக்கு நானும் சரவணனும் கடையில் இன்னொரு மூட்டை வாங்கி, நானூறு குழிக்கும் குனிந்து குனிந்து, குழிக்கு ஒரு பிடி போட்டோம். மூட்டையில் அச்சடித்திருந்த மாதிரியே.

அண்ணனும் தம்பியும் இப்போது சண்டையே போடுவதில்லை என்று சொன்னால் அது பொய். போன மாதம்கூட வரப்பு விஷயத்தில் பெரிய ரகளை. ஆனால் நேருக்கு நேர் திட்டிக்கொள்கிறார்கள், ஆள் வைத்துத் திட்டுவதில்லை.

என் கைடு அந்தப் போட்டோவை எல்லோருக்கும் காட்டி மகிழ்ந்தார். பட்டமும் கிடைத்தது. ஆனால் பட்டம் கிடைப்பதற்கு முன்பே, பெரிய மாமா மகனின் அந்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் எனக்கு வேறொரு மரியாதை கிடைத்துவிட்டது. இலை போட்டாகிவிட்டது, நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய மாமா கையில் உப்புக் கிண்ணத்தோடு வரிசையைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தார். என் இலையோரத்தில் ஒரு பிடி உப்பை வைத்துவிட்டு, பரிமாறுகிறவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "மொதல்ல இந்தப் புள்ளைக்கு உப்பு வைங்கய்யா. இல்லைன்னா பந்தி நகராது."

எட்டு வருடமாகிறது. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் என் இலையில் உப்பு இரண்டு தடவை விழுகிறது.